கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வகுப்பில் உட்காரலாமா?

(தென்காசி மாவட்டம் வடகரையில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில், உள்ளடக்கிய கல்விச் சிறப்பாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். அதை ஒரே ஒரு பொருளுக்குச் செலவழிக்கப் போகிறேன். நம் ஊரில் அதற்குக் ‘கூலிங் கிளாஸ்’ என்று பெயர். சினிமாவில் வருகிறவர் போட்டால் கைதட்டுகிறோம். மெட்ராஸ் ஐ வந்தவர் போட்டால் நாலடி தள்ளி நிற்கிறோம். அந்தக் கண்ணைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. பார்ப்பதால் அது பரவாது. கையும் துண்டும்தான் பரப்பும். வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறது என்பதற்காகத்தான் அவர் கண்ணாடி போட்டிருக்கிறார். அவருக்கு அது ஒரு வாரத்துத் தொல்லை. பிறந்த நாள் முதல் கூச்சத்தோடு வாழும் பிள்ளைகளும் நம் வகுப்பறைகளில் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

இந்த மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் குழந்தை. தலைமுடி, புருவம், இமை எல்லாம் வெளுப்பு. கூடப் படிக்கிற பிள்ளைகள் வைத்த பெயர் ‘வெள்ளக்காரி’. காலை வணக்கக் கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பாள். கொடியைப் பார்க்கச் சொன்னால் பார்க்க மாட்டாள். ‘பணிவு இல்லை, கவனம் இல்லை’ என்று பேச்சு வந்துவிட்டது. ஆனால் அவளுடைய வகுப்பாசிரியை ஒன்றைக் கவனித்து ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தார். குற்றாலத்தில் சீசன் தொடங்கி இங்கே சாரல் விழுகிற நாட்களில் அவள் வேகமாக எழுதுகிறாள். பளீரென்று வெயில் அடிக்கிற நாளில் பாதியில் நிறுத்திவிடுகிறாள். சோம்பலாக இருந்தால் மழை நாளில்தானே கூடுதலாக வர வேண்டும்? அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டுதான் அவளைத் திருநெல்வேலிக்கு அழைத்துப் போனோம்.

மதுரையில் 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1988-இல் திருநெல்வேலிக்கும் வந்தது. நம் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு அது பழகிய இடம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவும் அதே ஊரில் இருக்கிறது. எங்கே போனாலும் சரி, கண்ணாடிக் கடைக்கு நேராகப் போகாதீர்கள். முதலில் மருத்துவர்.

அந்தக் குழந்தைக்கு இருந்தது அல்பினிசம், அதாவது பிறவி நிறமிக் குறைபாடு. மெலனின் என்ற நிறமி தோலுக்கு மட்டும் நிறம் கொடுப்பதில்லை. கண்ணின் கருவிழித் திரையிலும் அது இருந்து, ஜன்னல் திரைபோல வேண்டாத வெளிச்சத்தை மறைக்கிறது. அது குறைந்தால் கண்மணி வழியாக மட்டுமல்ல, திரை வழியாகவும் ஒளி உள்ளே பாய்கிறது. அதோடு, விழித்திரையின் நடுவில் கூர்மையாகப் பார்க்க உதவும் சிறு குழிவு சரியாக உருவாகியிருக்காது. அதனால் பவர் கண்ணாடி போட்டாலும் பார்வை முழுமையாக வராது. கண்கள் தாமாகவே ஊஞ்சல்போல ஆடவும் செய்யும். தலையை ஒரு பக்கம் சாய்த்தால் சிலருக்கு அந்த ஆட்டம் அடங்கும். ஆகவே, ‘நேராக உட்கார்’ என்று அந்தத் தலையைப் பிடித்து நிமிர்த்தாதீர்கள். சாய்ந்திருக்கும்போதுதான் அந்தப் பிள்ளைக்குப் பலகை தெரிகிறது.

ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் 17,000 முதல் 20,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால்தான் பொதுவாக இது வெளிப்படும். நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று கட்டிக்கொள்வதால் அந்த வாய்ப்பு கூடுகிறது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்தாள், அதனால்தான் என்று தாயை ஏசுகிற ஆச்சிமார்களிடம் இதைச் சொல்லுங்கள். ஆண்டுதோறும் ஜூன் 13 பன்னாட்டு அல்பினிச விழிப்புணர்வு நாள். 2015 முதல் ஐக்கிய நாடுகள் அவை கடைப்பிடிக்கிறது. பள்ளி திறக்கும் மாதமாக இருப்பது நமக்கு வசதி.

சரி, கண்ணாடி என்ன செய்தது? உள்ளதைச் சொல்கிறேன். பவர் கண்ணாடி போட்டதும் அட்டையில் கூடுதலாகச் சில வரிகள் படித்தாள். பழுப்பு நிறச் சாயம் ஏற்றியதால் அறைக்குள் ஓர் எழுத்துகூடக் கூடவில்லை. வெளியே வந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மருத்துவமனை வாசலில், உச்சி வெயிலில், கையை நெற்றியில் வைக்காமல் சாலையைப் பார்த்தாள். ‘டீச்சர், பஸ்ஸு வருது’ என்றாள். போர்டு படிக்கவில்லை, பஸ் வருவது தெரிந்தது. தனியாகச் சாலையைக் கடக்க வேண்டிய பிள்ளைக்கு அது சின்ன விஷயமா?

எல்லாக் கண்ணுக்கும் ஒரே நிறம் சரிப்படாது. விழித்திரையில் பகல் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். மங்கலான ஒளிக்குக் கோல் செல்கள். அக்ரோமடாப்சியா என்ற பிறவிக் குறையில் கூம்புகள் வேலை செய்வதில்லை. கோல்களை மட்டும் நம்பிய கண் பகலில் திணறும், கருக்கலில் நன்றாகப் பார்க்கும். பசிபிக் கடலில் பிங்கலாப் என்றொரு சிறு தீவு. 1775 வாக்கில் அடித்த புயலில் பெரும்பாலோர் மாண்டுபோக, மிஞ்சிய சிலரின் வழிவந்தவர்களில் பன்னிருவரில் ஒருவருக்கு இந்தக் குறை இருப்பதாக மருத்துவ எழுத்தாளர் ஆலிவர் சாக்ஸ் எழுதினார். கோல் செல்கள் சிவப்பு ஒளியை அதிகம் உணர்வதில்லை; அதனால் இவர்களுக்கு அடர்சிவப்புக் கண்ணாடி உதவுகிறது. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு எஃப்.எல்.41 என்ற இளஞ்சிவப்புச் சாயம். அதை அணிந்த பிள்ளைகளுக்குத் தலைவலி வருவது குறைந்ததாக 1991-இல் இங்கிலாந்தில் ஓர் ஆய்வு வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. நிறக் கண்ணாடி போட்டால், நிறத் தாளைப் புத்தகத்தின் மேல் வைத்தால் வாசிப்புக் குறைபாடு தீரும் என்று விற்பவர்கள் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் கிளம்பிய கருத்து அது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-இல் கூட்டறிக்கை விட்டு, அதற்குப் போதிய ஆதாரமில்லை என்றார்கள். எழுத்துக்கூட்டத் திணறும் பிள்ளைக்கு வேண்டியது வாசிப்புப் பயிற்சி. பெற்றோர் பணத்தை அதில் போட விடாதீர்கள்.

இன்னொன்று, திருவிழாக் கடைக் கண்ணாடி. கறுப்பாக இருப்பதாலேயே அது புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடாது. இருட்டுக்குள் கண்மணி விரியும். தடுப்பில்லாத கண்ணாடி என்றால் கதிர் கூடுதலாக உள்ளே போகக்கூடும். வெயிலில் தானாகக் கறுக்கும் கண்ணாடியிலும் குறை உண்டு. நம் வெக்கையில் அது முழுதாகக் கறுக்காது; வகுப்புக்குள் வந்தபின் தெளியச் சில நிமிடமாகும். அதுவரை பலகையைப் பார் என்று அவசரப்படுத்தக் கூடாது. மேலும், கூச்சம் என்று எந்நேரமும் இருட்டுக் கண்ணாடிக்குள்ளேயே இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் கூடிவிடும். வெளியே அடர் சாயம், உள்ளே இளஞ்சாயம் அல்லது தொப்பி என்று மருத்துவர் பிரித்துச் சொல்வது அதனால்தான்.

நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை இன்று சிவந்த கண்ணோடு, வலியோடு, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் வந்தால், அது கண்ணாடி விஷயமே இல்லை. கருவிழியில் புண்ணாக இருக்கலாம், உள்ளே அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனை. கண்ணைக் கசக்கிக்கொண்டே இருக்கும் பையன்களுக்கு ஒவ்வாமையும் உண்டு. அதற்குச் சொட்டு மருந்து இருக்கிறது.

அந்தப் பெண்ணின் கதையில் மோசமான பகுதி ஆறாம் வகுப்பில் வந்தது. புதிய பள்ளி. முதல் வாரமே, ‘என்ன ஸ்டைலா?’ என்று கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைக்கச் சொல்லிவிட்டார்கள். மூன்று நாள் போனாள். நாலாம் நாள் போகவில்லை. ‘வீட்டிலேயே கிடக்கட்டும் டீச்சர், வெயில்ல எதுக்கு அலையணும்’ என்றார் அவளுடைய அம்மா. ஒரு பிள்ளையின் படிப்பு அத்தோடு நின்றிருக்கும். பழைய பள்ளியின் தலைமையாசிரியர் மருத்துவரின் சீட்டோடு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு, தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்து தர வேண்டும் என்கிறது. அதையும் அதில் குறித்திருந்தார். கண்ணாடி திரும்பி வந்தது, பிள்ளையும் வந்தாள். இன்று எட்டாம் வகுப்பு.

மாற்றுச் சான்றிதழ் கொடுக்கும்போது அப்படி ஒரு கடிதத்தையும் சேர்த்துக் கொடுங்கள். வகுப்பில், ஜன்னலுக்கு முதுகு காட்டி முன் வரிசையில் இடம். கரும்பலகையில் பளபளப்பு இருந்தால் பூச்சு அடித்துவிடுங்கள். வெள்ளைத் தாளின் கூச்சத்துக்குக் கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவு வெட்டி வைத்தால் போதும், காசில்லாத கருவி. காலைக் கூட்டத்தில் வேப்பமரத்து நிழலில் நிற்கட்டும். அல்பினிசம் உள்ள பிள்ளையின் தோலுக்கும் வெயில் ஆகாது, முழுக்கைச் சட்டை போடட்டும்.

மருத்துவ முகாமுக்கான பெயர்ப் பட்டியல் இந்த வாரத்துக்குள் வட்டார வள மையத்துக்கு வர வேண்டும். ‘கண் கூசுகிறது’ என்று மட்டும் எழுதாமல், எந்த நேரத்தில், எந்த இடத்தில், தலையை எந்தப் பக்கம் சாய்க்கிறாள் என்று இரண்டு வரி எழுதுங்கள். மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். படிவங்கள் அந்த மேசையில் இருக்கின்றன.