கத்தியில் ஒட்டும் பாலும் பிசினும்

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



பலாப்பழம் அறுத்த கத்தியைத் தண்ணீரில் கழுவிப் பார்த்திருப்பீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் பிசுபிசுப்புப் போகாது. காரணம் என்ன? பலாப்பாலில் இரப்பர் போன்ற பிசின் மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலந்திருக்கிறது. காற்றுப் பட்டதும் நீர் வற்றி, பிசின் மட்டும் இறுகிவிடுகிறது. இது நீரில் கரையாது; எண்ணெயில் இளகும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் போதும்.

ஆகவே, பழம் அறுக்கும் முன்பே கைக்கும், கத்திக்கும், பலகைக்கும் தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தடவிக் கொள்ளுங்கள். வெட்டியதும் வடியும் பாலை உடனே பழந்துணியால் துடையுங்கள். வேலை முடிந்தபின் மீண்டும் எண்ணெய் தடவி, கால் மணி நேரம் ஊறவிட்டு, அடுப்புச் சாம்பலும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்து, சோப்பும் வெந்நீரும் இட்டுக் கழுவினால் போதும்.

அரிவாளில் நாட்பட இறுகிய பிசினை மூங்கில் சிம்பால் சுரண்டுங்கள். பிறகு மண்ணெண்ணெயோ டர்பன்டைனோ நனைத்த துணியைச் சுற்றி வைத்துத் துடைக்கலாம். ஆனால், இதனை அடுப்புக்கு அருகில் செய்யக் கூடாது. பழம் வைக்கும் பலகைக்கும் கைகளுக்கும் இவை ஆகா. பிசினைத் தீயில் காட்டி எரிப்பதும் தவறு. அலகின் பதம் கெட்டுவிடும்.

ஒட்டுக் கட்டும் கத்திக்கு இன்னும் கூடுதல் கவனம் தேவை. சப்போட்டா ஒட்டில், தாய்ச்செடியிலும் பால் உண்டு. வேர்ச்செடியாகும் பாலையிலும் பால் உண்டு. பிசின் படிந்த கத்தி வழுவழுப்பாக வெட்டாது. ஒட்டு சரியாகப் பொருந்தாமல் போகும். கத்தி வழுக்கிக் கைவிரலையும் பதம் பார்க்கும்.

மற்றொன்றும் உண்டு. பிசின் மறைத்த இடத்தில் கிருமிநாசினி படாது. முதலில் பிசினை நீக்கி, அதன் பிறகே ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைத் தாக்கும் எக்சோகார்டிஸ் நோய் கத்தி வழியே பரவும். அதற்கு ஸ்பிரிட் போதாது. துணி வெளுக்கும் திரவக் குளோரின் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் சேர்த்து, ஒரு மரம் முடித்து அடுத்த மரத்திற்குப் போகுமுன் கத்தியை அதில் நனையுங்கள். இக்கரைசல் இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும். எனவே வேலை முடிந்ததும் நல்ல நீரில் அலசி, ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் பூசி வையுங்கள்.

செலவு ஒரு கரண்டி எண்ணெய்; மிஞ்சுவது கத்தியின் கூர்மையும், கன்றுகளின் நலமும், உங்கள் கைவிரலும்.