பட்டியலில் பெயர் இருக்கிறது. எந்த ஊர்ப் பட்டியலில்?

(தோட்டக் கிளையின் மாதக் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் கிளைக் காரியதரிசியுமான அன்பர் ஆற்றிய சொற்பொழிவு)



சம்பள பாக்கி, ஒழுகும் கூரை, போனஸ் என்று வழக்கமாக நாம் பேசும் விஷயங்களை இன்று சற்று ஒதுக்கி வைத்திருக்கிறோம். இன்று வோட்டைப் பற்றிப் பேசுவோம். எந்தக் கட்சிக்கு வோட்டுப் போடுவது என்று சொல்ல வரவில்லை. அது உங்களுக்கும் வாக்குப் பெட்டிக்கும் உள்ள இரகசியம். அதற்கு முந்திய காரியம் ஒன்று உண்டு. உங்கள் பெயர் எந்தத் தொகுதிப் பட்டியலில் இருக்கிறது? அந்தத் தொகுதிக்கு உங்கள் பிரதிநிதி யார்? இந்த இரண்டையும் அறியாமல் வோட்டைப் பற்றி எவ்வளவு பேசினாலும் பயன் இல்லை.

"இப்பொழுதெல்லாம் பதிய வேண்டியதே இல்லையே, எல்லாம் தானாக நடக்கிறதே" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதான். 2019-இல் அரசியல் சட்டத்தின் 119-ஆம் ஷரத்து திருத்தப்பட்டது. வோட்டுரிமை வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. பாரம் நிரப்பிக் கையெழுத்துப் போடாமலே பிரஜைகளின் பெயர் பட்டியலில் ஏறும் என்றும் ஆனது. 2021 டிசம்பர் 15 முதல் இது அமலுக்கு வந்தது. 2018 பொதுத் தேர்தலில் ஒரு கோடியே 49 லட்சமாக இருந்த வாக்காளர் தொகை, 2022 நவம்பர் 19-இல் நடந்த தேர்தலில் இரண்டு கோடியே 11 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பதிவதற்கு நேரம் இல்லை, ஆபீஸ் தூரம், கிராணி எழுதித் தரவில்லை என்று சாக்குச் சொன்ன காலம் போயிற்று. கிராணிமாராகிய எங்களுக்கும் ஒரு பழி நீங்கியது!

ஆனால் தேர்தல் ஆணையம் புதிய பெயர்களை எதைப் பார்த்துச் சேர்த்தது? அடையாளக் கார்டில் உள்ள விலாசத்தைப் பார்த்துச் சேர்த்தது. தோட்டத்துச் சனங்களாகிய நமக்குச் சங்கடம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

செக்ரோல் எழுதும் நமக்கு இது நன்றாகப் புரியும். ஓர் ஆள் இரண்டாம் டிவிஷனில் மரம் வெட்டுகிறார். அவர் பெயர் முதலாம் டிவிஷன் செக்ரோலில் இருக்கிறது. வேலை இங்கே, பேர் அங்கே. சம்பள நாளில் அவர் படும் பாட்டை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! பெயர் இருக்கிறது என்பதில் மட்டும் ஆறுதல் இல்லை. இருக்க வேண்டிய ஏட்டில் இருக்க வேண்டும்.

ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள். செம்பனையையும் அழித்து வீடு கட்டினார்கள். பெராங் புசார் தோட்டம் இருந்த மண்ணில் இன்று புத்ராஜெயா நிற்கிறது. லயத்தை விட்டுத் தாமானுக்கும் பட்டணத்து அடுக்கு வீட்டுக்கும் நம் குடும்பங்கள் சிதறின. துணிமணி, சட்டிபானை, சாமி படம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிய நாம், அடையாளக் கார்டு விலாசத்தை மட்டும் பழைய தோட்டத்திலேயே விட்டுவிட்டு வந்தோம். அந்தத் தோட்டத்தில் இப்பொழுது லயமே இல்லாமல் இருக்கலாம். ஆனால் வோட்டு அங்கே இருக்கிறது.

இதனால் நட்டம் இரண்டு வகை. தேர்தல் நாளன்று நூறு மைல் பஸ் ஏறிப் போக வேண்டும். செலவையும் அலைச்சலையும் நினைத்துப் பலர் போவதில்லை. மற்றது இதைவிடப் பெரிது. நாம் குடியிருக்கும் இடத்தின் பிரதிநிதிக்கு நம் வோட்டு இல்லை. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் சாலையில் நாம் நடக்கிறோம். அந்தச் சாலைக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்கும் பட்டியலில் நாம் இல்லை. நம்மிடம் வந்து கைகூப்ப அவருக்கு என்ன அவசியம்?

ஆகவே செய்ய வேண்டியதைச் சொல்கிறோம், கவனமாகக் கேளுங்கள். முதலில், பெயர் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். தேர்தல் ஆணையத்தின் இணையப் பக்கத்தில் அடையாளக் கார்டு எண்ணைப் போட்டால் நாடாளுமன்றத் தொகுதி, சட்டமன்றத் தொகுதி, வாக்களிக்கும் இடம் எல்லாம் தெரிந்துவிடும். கையில் போன் வைத்திருக்கும் பிள்ளைகள், தங்கள் பாட்டி தாத்தாவுக்கும் பக்கத்து வீட்டு அத்தைக்கும் பார்த்துச் சொல்ல வேண்டும். பாட்டுக் கேட்கும் நேரத்தில் ஒரு நிமிஷம் போதும்.

விலாசம் பழையது என்றால் தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய் அடையாளக் கார்டில் விலாசத்தை மாற்றுங்கள். பலர் இத்தோடு வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். முடியவில்லை! முன்பே பட்டியலில் ஏறிய வாக்காளருக்கு, கார்டில் விலாசம் மாறினால் வோட்டும் கூடவே மாறிவிடாது. தொகுதி மாற்றம் கேட்டுத் தேர்தல் ஆணையத்துக்குத் தனியாக மனுச் செய்ய வேண்டும். இணையம் வழியாகவும் செய்யலாம். மாநிலத் தேர்தல் ஆபீசிலும் செய்யலாம். இரண்டு இலாகா, இரண்டு வேலை என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சட்டசபை கலைந்த பிறகு ஓடினால் அந்தத் தேர்தலுக்கு உதவாது. நாடாளுமன்றம் கலைந்தால் 60 நாளுக்குள் தேர்தல் நடந்தாக வேண்டும் என்பது சட்டம். அந்த அவசரத்தில் உங்கள் மனுவுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

குடியிராத விலாசத்தைக் கொடுத்து வோட்டை மாற்றச் சொல்லி எவராவது வந்தால் இணங்காதீர்கள். பொய்த் தகவல் கொடுப்பது குற்றம். வழக்கு வந்தால் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்தில் நிற்கமாட்டார். அடையாளக் கார்டையும் எந்தக் கட்சி ஏஜண்டிடமும் ஒப்படைக்காதீர்கள்.

இடம் மாறாதவர்களும் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. நாம் நகராவிட்டாலும் தொகுதியின் எல்லை நகரும். 2018 மார்ச்சில் தீபகற்பத்தில் எல்லைகள் திருத்தப்பட்டபோது, வீட்டை விட்டு ஓரடி எடுத்து வைக்காத எத்தனையோ பேர் வேறு தொகுதிக்காரர் ஆனார்கள்.

இனிப் பிரதிநிதிகளைப் பற்றி. நம்மில் பலருக்கு வெள்ளைச் சட்டை போட்டு மாலை வாங்கிக்கொள்ளும் எல்லாரும் "ஒய்பி"தான். பல தோட்டங்களில் நடக்கும் கதை இது: லயத்துச் சாக்கடை அடைத்துக்கொண்டது என்று நாடாளுமன்ற உறுப்பினருக்கு மனு போகிறது. அது சட்டமன்ற உறுப்பினருக்குத் தள்ளப்படுகிறது. அங்கிருந்து நகராண்மைக் கழகத்துக்குப் போகிறது. "தோட்டம் தனியார் நிலம், நாங்கள் தலையிட முடியாது" என்று பதில் வருகிறது. அதற்குள் மழைக்காலம் முடிந்துவிடுகிறது. கொசு மட்டும் போகவில்லை. முதல் மனு போகவேண்டிய இடம் மானேஜர் ஆபீஸ். தோட்டத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தந்து, அவற்றைப் பழுது பார்த்து வைப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அவர் அசையாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது, சங்கம் இருக்கிறது. அதற்கும் பிறகுதான் "ஒய்பி".

மக்களவையில் 222 உறுப்பினர்கள். ஒவ்வொருவரும் ஒரு தொகுதியில் வோட்டு வாங்கி வந்தவர். தொழிலாளர் சட்டம், பிரஜா உரிமை, கல்வி, ஆஸ்பத்திரி ஆகியவை மத்திய அரசாங்கத்தின் கையில் இருப்பவை. 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட் ஆனது என்றால் அது கோலாலம்பூரிலிருந்து வந்த உத்தரவு. மந்திரி பெசார் கொடுத்தது அல்ல. நிலமும் ஊராட்சியும் மாநிலத்தின் கையில் இருப்பவை. வீட்டு மனை, கோயில் நிலம், சுடுகாடு என்றால் சட்டமன்ற உறுப்பினரைப் பிடிக்க வேண்டும். தமிழ்ப் பள்ளி விஷயம் இரண்டிலும் கால் வைத்திருக்கிறது. ஆசிரியரும் பாடமும் மத்திய அரசாங்கத்தைச் சேர்ந்தவை. பள்ளி நிற்கும் மண் தோட்டத்துக்குச் சொந்தமாக இருப்பதால் பல பள்ளிகள் இன்னும் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நிற்கின்றன. வேறு மண் வேண்டுமென்றால் மாநிலத்தின் வாசலில் நிற்க வேண்டும்.

மேலவையின் 70 பேரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 44 பேரை மாமன்னர் நியமிக்கிறார். 26 பேரை மாநிலச் சட்டமன்றங்கள் அனுப்புகின்றன. நகராண்மைக் கழக உறுப்பினரையும் நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரு காலத்தில் தேர்ந்தெடுத்தார்கள். 1951 டிசம்பரில் பினாங்கு ஜார்ஜ் டவுனில் நகரசபைக்குத்தான் இந்த நாட்டின் முதல் தேர்தல்களுள் ஒன்று நடந்தது. இந்தோனேசியாவுடன் தகராறு மூண்ட காலத்தில், 1965-இல் அதை நிறுத்தி வைத்தார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமனத்தையே நிரந்தரம் ஆக்கிவிட்டது. குப்பைக்கும் சாக்கடைக்கும் பொறுப்பானவரை நாம் விலக்க முடியாது. நியமித்த மாநில அரசாங்கத்தைத்தான் கேட்க முடியும். இது நல்ல ஏற்பாடு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. ஆனாலும் ஏற்பாடு இதுதான் என்று தெரிந்திருந்தால் தப்பான கதவைத் தட்டமாட்டோம்.

வயதில் மூத்தவர்களுக்கு வோட்டின் அருமையை நாம் சொல்ல வேண்டியதில்லை. 1955 ஜூலையில் மலாயாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது, வாக்காளரில் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இந்தியர் இல்லை. நம்மவரில் பெரும்பாலோருக்குப் பிரஜா உரிமை இல்லாததே காரணம். 1957-இல் சுதந்திரம் வந்தது. ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மலாய் மொழிச் சோதனை இல்லை என்று சலுகை தந்தார்கள். சங்கத்தார் தோட்டம் தோட்டமாகச் சொன்னார்கள். செய்தவர்கள் செய்தார்கள், "ஊருக்குத்தானே போகப் போகிறோம்" என்று பலர் இருந்துவிட்டார்கள். 1969-இல் பிரஜை அல்லாதவருக்கு வேலை பெர்மிட் என்ற நிபந்தனை வந்தபோது, பிறந்து வளர்ந்த பிள்ளைகளோடு ஆயிரக்கணக்கானோர் கப்பல் ஏறினார்கள். ஒரு காகிதம் இல்லாத குறை.

அந்தக் குறை இன்னும் தீரவில்லை. சிவப்பு அடையாளக் கார்டோடு நம்மிடையே பெரியவர்கள் இருக்கிறார்கள். முப்பது நாற்பது வருஷம் பால் வெட்டியவர்கள். தானாகப் பெயர் சேர்க்கும் சட்டம் அவர்களைத் தொடாது. அது பிரஜைகளுக்கு மட்டும். பன்னிரண்டு ஆண்டில் பத்து ஆண்டு இங்கே வாழ்ந்து, போதிய மலாய் தெரிந்தவர் பிரஜா உரிமை கேட்டு மனுச் செய்ய அரசியல் சட்டத்தில் வழி உண்டு. மனுக்கள் வருஷக்கணக்கில் கிடப்பதும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினருக்கு மெய்யான வேலை இங்கேதான். கோயில் திருவிழாவுக்கு அவர் தரும் நன்கொடையைவிட, சிவப்புக் கார்டுப் பெரியவர் ஒருவரின் மனுவைப் பின்தொடர்ந்து உள்துறை அமைச்சில் கேட்டு வருவது பெரிய காரியம் என்று கருதுகிறோம். அவர் வரும்போது மாலைக்குப் பதில் மனுவின் நகலைக் கொடுங்கள்.

"நாலு பேர் வோட்டுப் போட்டு என்ன ஆகப் போகிறது?" என்பவர்களுக்குக் கேமரன் மலையைக் காட்டுகிறோம். அங்கே 2013-இல் ஜெயித்தவரின் பெரும்பான்மை 462 வோட்டு. 2018-இல் ஜெயித்தவரின் பெரும்பான்மை 597. ஒரு பெரிய தோட்டத்துச் சனங்களைவிட இது குறைவு. 2018 முடிவை, வோட்டுக்குப் பணம் கைமாறியது என்ற காரணத்தால் தேர்தல் நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பரிலேயே ரத்துச் செய்தது. 2019 ஜனவரியில் மறுபடி தேர்தல் வைத்தார்கள். ஐம்பது வெள்ளி நோட்டை மடித்துக் கையில் வைப்பவர் தம் பதவியையே பணயம் வைக்கிறார். கட்சி தாவுகிறவருக்கும் 2022 அக்டோபர் முதல் தடை உண்டு; தாவினால் மக்களவை இடம் போய்விடும்.

தேர்தல் நாளில் வேலை இருந்தாலும் பயப்பட வேண்டாம். 1954-ஆம் ஆண்டுத் தேர்தல் குற்றச் சட்டப்படி வோட்டுப் போடப் போதுமான நேரத்தை முதலாளி கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடிக்கக் கூடாது, தண்டிக்கவும் கூடாது. கிராணி தோழர்களுக்கு ஒரு வார்த்தை: அன்றைய செக்ரோலில் எவருக்காவது அரைப் பேர் போடச் சொன்னால், இந்தச் சட்டத்தைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள்.

பேச்சு போதும். அதோ, ஸ்டோர் வராந்தாவில் மேஜை போட்டிருக்கிறோம். இரண்டு பிள்ளைகள் போனோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கார்டைக் காட்டிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கார்டை உடனே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். விலாசம் மாற்ற வேண்டியவர்கள் பெயர் கொடுத்தால், பதிவு இலாகாவுக்குச் சேர்ந்தே போக வேன் ஏற்பாடு செய்யக் கமிட்டி ஒப்புக்கொண்டிருக்கிறது. சிவப்புக் கார்டு உள்ளவர்கள் தனி வரிசைக்கு வாருங்கள். பழைய மனு நகல், ரசீது எது இருந்தாலும், கரையான் அரித்ததானாலும் சரி, கொண்டு வாருங்கள். வயதான தாய்மார்களுக்கு முதலில் இடம் விடுங்கள்.