காய்களை வெளிக்கொணர்தலும் களத்தைக் காணுதலும்



பாலிக் புலாவ் தோட்டக்காரர் டுரியான் கன்றை நட்டவுடன் கனியை எதிர்பார்ப்பதில்லை. முதலில் அது வேரூன்றக் காத்திருக்கிறார். சதுரங்க ஆசிரியரும் இதையே கற்பிக்கிறார்: முதலில் குதிரைகளையும் அமைச்சர்களையும் வெளிக்கொணர்க, அரசனைக் காத்திடுக, அரசியை முந்தி இறக்காதே. நல்ல விதிதான். ஆயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு.

1988ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தின் பீல் நகரில், 18 வயதுச் சென்னை இளைஞர் விசுவநாதன் ஆனந்த் கொலம்பியாவின் அலோன்சோ சப்பாட்டாவுடன் கறுப்புக் காய்களைக் கொண்டு ஆடினார். ஐந்தாம் நகர்த்தலில் தம் அமைச்சரை வெளிக்கொணர்ந்தார். மைல்ஸும் கிறிஸ்டியான்சனும் முன்னர் ஆடிச் சமனில் முடித்த ஆட்டத்திலும் அதே நகர்த்தல் இருந்தது. விதியும் முன்மாதிரியும் அவர் பக்கம் நின்றன.

சப்பாட்டா தம் அரசியை ஒரு கட்டம் சாய்வாக நகர்த்தித் தம் அரசனுக்கு முன்னே நிறுத்தினார். அவளுக்கு நேரெதிரே ஆனந்தின் குதிரை. அதன் பின்னே ஆனந்தின் அரசன். குதிரை விலக இயலாது. ஒரு காயை இழப்பது உறுதி. ஆனந்த் அங்கேயே தோல்வியை ஒப்புக்கொண்டார்.

வெற்றி தந்த அந்நகர்த்தல் விதிக்கு மாறானது என்பதை நோக்குங்கள். அரசி முந்தி வந்தாள். தன் அமைச்சரின் வழியையும் அடைத்தாள். பிழையற்ற ஆட்டம் விதியைப் பார்ப்பதில்லை; எதிரே உள்ள நிலையை மட்டுமே பார்க்கிறது.

அப்படியாயின் விதி எதற்கு? செக்கர்ஸ் ஆட்டத்தை இருவரும் பிழையின்றி ஆடினால் சமனே என 2007இல் கணினி வழி நிறுவினர். சதுரங்கத்திலோ, ஏழு காய்கள் வரை எஞ்சிய நிலைகளுக்கே முழு விடைப்பட்டியல் உண்டு. ஆட்டம் தொடங்குவதோ 32 காய்களுடன். முழு விடை அறியாத நமக்கு விதி ஒரு கைத்தடி. வெளிவந்த காய் பல கட்டங்களைக் காவல் செய்யும். ஆதலால் பெரும்பாலும் அவ்விதி வெல்கிறது. கைத்தடி நடக்க உதவும். பள்ளத்தைக் கண்தான் காண வேண்டும்.

ஆசிரியர்களே, விதியைக் கற்பிக்கும்போதே அதன் காரணத்தையும் கற்பியுங்கள். மாணவர்களே, மனப்பாடம் செய்த நகர்த்தலை ஆடுமுன் ஒருகணம் நின்று, "இதற்கு எதிராளி என்ன செய்வார்?" என வினவுங்கள். ஆறு நகர்த்தலில் தோற்ற அவ்விளைஞரே 2000இல் உலக வாகையர் ஆனார். தோல்வி அவரை முடக்கவில்லை. உங்களையும் முடக்க வேண்டியதில்லை.