உறவுக்குப் பிணை



பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள் நாம். மாதுங்காவிலோ கரோல் பாக்கிலோ தலைசாய்க்க ஓர் அறை அமைந்தவுடன் மனைவி மக்களை வரவழைத்துக்கொள்கிறோம். தகப்பனார் காலமான பின் தாயாரைக் கூட்டி வருகிறோம். வேலை தேடும் தம்பிக்கு ஒரு மூலையில் பாய் விரித்துக் கொடுக்கிறோம். இவற்றுக்கு எவருடைய அநுமதியையும் நாம் கேட்பதில்லை. இந்தியாவின் எந்தப் பகுதியிலும் வசிக்கவும் நிலையாகக் குடியேறவும் நம் அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு பிரஜைகளுக்கு உரிமை அளித்திருக்கிறது. ரயில் டிக்கெட்டு ஒன்றே போதும்.

ஆனால் நம் வீட்டுப் பிள்ளை கடல் கடந்து வேறொரு தேசத்தில் குடியேறிவிட்டால் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. அங்கே பெற்ற தாயை அழைப்பதற்கும் மனுச் செய்துகொள்ள வேண்டும். உறவினருக்காக மனுச் செய்து, அவருடைய பராமரிப்புக்கும் பொறுப்பேற்பவரை 'ஸ்பான்ஸர்' என்கிறார்கள். நம் மொழியில் அவரைப் பிணையாளி என்றே சொல்லிவிடலாம். அந்தப் பிணை யாரை உள்ளே விடும், யாரை வாசலில் நிறுத்தும், கையெழுத்திட்டவரை எவ்வளவு காலம் கட்டும் என்பவற்றைக் குடும்பத்தார் அனைவரும் முன்கூட்டியே அறிந்துகொள்வது நலம். மகன் மனுப் போட்டுவிட்டான் என்பதை நம்பி வீட்டை விற்றுவிட்டுக் காத்திருப்பதும், பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிவைப்பதும் பின்னால் வருத்தத்திற்கே இடம் தரும்.

நம்மவரில் பலர் சென்றிருக்கும் அமெரிக்காவை முதலில் எடுத்துக்கொள்வோம். 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியரின் குடியேற்றத்தை அநேகமாகத் தடுத்தே வைத்திருந்தது. 1946இல் ஆண்டுக்கு 100 இந்தியர் குடியேறலாம் என்று அந்த நாடு கதவைச் சற்றே திறந்தது. 1965ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் தேதி ஜனாதிபதி ஜான்ஸன் கையொப்பமிட்ட சட்டந்தான் கதவை நன்கு திறந்துவிட்டது. இனத்தையும் பிறந்த நாட்டையும் கொண்டு வகுத்த பழைய அளவு முறையை அது நீக்கி, உறவுக்கும் தொழில் திறமைக்கும் முதலிடம் தந்தது. இன்று அங்கே வாழும் இந்தியக் குடும்பங்களில் மிகப் பல அந்தச் சட்டத்தின் வழியே சென்றவையே.

எனினும் அந்தச் சட்டம் சொல்லும் குடும்பம் வேறு, நாம் சொல்லும் குடும்பம் வேறு. பாட்டியும், கணவனை இழந்த அத்தையும், தாயில்லாத மருமகனும் நம் குடும்பத்தில் அடங்குவர். அமெரிக்கச் சட்டத்திலோ இவர்களுக்கு நேரடியான இடமே இல்லை. அமெரிக்கப் பிரஜையாகிவிட்ட ஒருவர் தம் மனைவி அல்லது கணவர், 21 வயதுக்கு உட்பட்ட மணமாகாத பிள்ளைகள், பெற்றோர் ஆகியோரை எண்ணிக்கை வரம்பின்றி அழைக்கலாம். பெற்றோரை அழைக்க அவருக்கு 21 வயது நிரம்பியிருத்தல் வேண்டும். வயது வந்த பிள்ளைகளும் சகோதர சகோதரிகளும் ஆண்டு வரம்புக்கு உட்பட்ட வரிசையில் நிற்க வேண்டியவர்கள். நிரந்தரமாக வசிக்கும் அநுமதியாகிய 'கிரீன் கார்டு' மட்டும் பெற்றவரோ மனைவியையும் மணமாகாத பிள்ளைகளையும் அழைக்கலாமேயன்றித் தாய் தந்தையரையும் உடன்பிறந்தாரையும் அழைக்க இயலாது.

இதன் பொருளை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். உத்தியோக வழியில் சென்ற ஓர் இந்தியப் பொறியாளர் கிரீன் கார்டு பெறுவதற்கே பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருப்பது இப்பொழுது சாதாரணமாகிவிட்டது. பெற்ற பின் பிரஜையாவதற்குப் பொதுவாக இன்னும் ஐந்தாண்டுகள் செல்லும். அதற்குப் பிறகே அவர் தம் தாயாருக்கு மனுச் செய்ய முடியும். நாற்பது வயதில் சென்றவருடைய தாயார்க்கு அப்பொழுது என்ன வயதாகியிருக்கும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

உடன்பிறந்தாரின் வரிசை இன்னும் நீண்டது. வரம்புக்கு உட்பட்ட விசாக்களில் எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்க்கும் நூற்றுக்கு 7க்கு மேல் கிடைப்பதில்லை. சிறு தீவு ஒன்றுக்கும் நம் பெரிய தேசத்துக்கும் அளவு ஒன்றே. ஆகவே 2025ஆம் ஆண்டில் இந்தியச் சகோதர சகோதரிகளுக்குரிய வரிசையில் 2006ஆம் ஆண்டில் கொடுத்த மனுக்களே முறை எட்டியிருந்தன. பத்தொன்பது ஆண்டுகள் என்பது ஒரு குழந்தை பிறந்து கல்லூரிக்குப் போகும் காலம். இங்கேதான் ஓர் இடர் ஒளிந்திருக்கிறது. அழைக்கப்படும் தம்பியுடன் அவருடைய பிள்ளைகளும் செல்லலாம். ஆனால் 21 வயதுக்கு உட்பட்டவராய் இருந்தால்தான் செல்லலாம். 2002ஆம் ஆண்டுச் சட்டமொன்று, மனு அலுவலகத்தில் பரிசீலனையில் கிடந்த காலத்தைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருகிறது. ஆனால் மனு ஏற்கப்பட்டபின் வரிசையில் நின்ற காலத்தை அது கழிப்பதில்லை. இதனால், தாய் தந்தையர் முறை வந்து புறப்பட, வளர்ந்த பிள்ளைகள் இங்கேயே தங்கிவிட நேர்கிறது. பிரிந்த சகோதரரைச் சேர்த்துவைக்க எழுதிய மனு, பெற்றோரையும் பிள்ளையையும் பிரித்துவைக்கவும் கூடும்.

கல்யாண விஷயத்திலும் கருத்தாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு பெற்ற தந்தை தம் மணமாகாத மகளுக்கு மனுச் செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் பிரஜையாகுமுன் அந்தப் பெண்ணுக்குத் திருமணம் நடந்துவிட்டால் மனு செல்லாததாகிவிடும். தந்தை பிரஜையாய் இருந்தால் மனு அழியாது. ஆயினும் மணமானவர்க்குரிய நீண்ட வரிசைக்கு மாறிவிடும். முகூர்த்தம் பார்க்கும் வீட்டார் பஞ்சாங்கத்தோடு இந்த விதியையும் பார்த்துக்கொள்வது நல்லது. அதற்காகப் பெண்ணின் வாழ்வை ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைப்பது தகுமா என்பதை அந்தப் பெண்ணையே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

இனிப் பிணைப் பத்திரத்திற்கு வருவோம். அழைப்பவருடைய வருமானம், அந்நாட்டு அரசாங்கம் ஆண்டுதோறும் வகுக்கும் வறுமைக் கோட்டு அளவில் 125 சதவிகிதத்துக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கணவன், மனைவி, ஒரு குழந்தை உள்ள வீட்டுக்குத் தாயும் தந்தையும் வருவதானால் ஐந்து பேருக்குக் கணக்கிட வேண்டும். 2024ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 45,725 டாலர். வருமானம் போதாவிட்டால் அங்கு வசிக்கும் வேறொருவர் கூட்டுப் பிணை ஏற்கலாம்.

அந்தப் பத்திரம் வெறும் சம்பிரதாயமன்று. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீதிமன்றத்தில் நிறைவேற்றத்தக்க ஒப்பந்தமாக ஆக்கியிருக்கிறது. வந்தவர் பிரஜையாகும் வரையிலோ, ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்பு அவர் கணக்கில் சேரும் வரையிலோ, அந்நாட்டை விட்டு நிரந்தரமாக வெளியேறும் வரையிலோ, அல்லது இறக்கும் வரையிலோ பொறுப்பு நீங்காது. மனைவியை அழைத்தவர் பின்னர் விவாகரத்துப் பெற்றாலும் பிணை தீராது. 'ஒரு கையெழுத்துத்தானே, போட்டுக் கொடுக்கட்டும்' என்று தூரத்து உறவினரையோ நண்பரையோ நாம் நிர்ப்பந்திப்பது நியாயமாகாது. ஊரில் கடன் பத்திரத்திற்கு ஜாமீன் கேட்டால் எவ்வளவு யோசிப்போமோ அவ்வளவு யோசனை இதற்கும் வேண்டும்.

மற்ற நாடுகளின் வழக்கம் இன்னும் வேறு. பிரிட்டனில் மணத்துணையை அழைப்பவரின் ஆண்டு வருமானம் 18,600 பவுன் இருக்க வேண்டும் என்று 2012இல் விதித்தார்கள். 2024 ஏப்ரலில் அதை 29,000 பவுனாக உயர்த்தினார்கள். பெற்றோர் விஷயத்தில் 2012ஆம் ஆண்டு விதி மிகக் கடுமையானது. முதுமையாலோ நோயாலோ அன்றாடக் காரியங்களுக்கே பிறர் உதவி வேண்டியிருக்க வேண்டும். அந்தப் பராமரிப்பு சொந்த நாட்டில் கிடைக்க வழியில்லை என்பதையும் நிரூபிக்க வேண்டும். கனடாவில் பெற்றோருக்காகக் கையெழுத்திடுபவரின் பொறுப்பு, கியூபெக் மாகாணம் நீங்கலாக, 20 ஆண்டு நீடிக்கிறது. பெற்றோர் நீண்ட நாள் தங்கிவர 'சூப்பர் விசா' என்ற ஏற்பாடு 2011 முதல் அங்கே உண்டு. 2022 முதல் ஒரு முறைக்கு ஐந்தாண்டு வரை தங்கலாம்.

அரபு நாடுகளில் பிணை என்பது சம்பளத்தோடு கட்டப்பட்டது. ஐக்கிய அரபு எமிரேட்டுகளில் மனைவி மக்களை அழைக்க மாதம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் வீட்டு வசதியும் வேண்டும் என்பது விதி. ஆண் பிள்ளைகளுக்கு வயது வரம்பை 2022இல் 25 ஆக உயர்த்தினார்கள். ஆனால் அழைத்தவருடைய வேலை போனால், குறிப்பிட்ட சலுகைக் காலத்துக்குள் வேறு வழி தேடாவிட்டால், குடும்பத்தின் அநுமதியும் போய்விடும். பள்ளியில் பாதி ஆண்டில் படிக்கும் குழந்தையும் பெட்டி கட்ட வேண்டியதுதான். அங்கே குடும்பத்தை அமர்த்துகிறவர் இங்கே ஒரு வீட்டையும் சிறிது சேமிப்பையும் விட்டுவைப்பது விவேகம்.

எந்த நாடாயினும் உறவை மெய்ப்பிக்கப் பத்திரங்கள் வேண்டும். வெளி மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் தனித் தொல்லை உண்டு. தகப்பனார் பிறந்தது கும்பகோணம், திருமணம் நடந்தது திருச்சி, பிள்ளை பிறந்தது நாகபுரி என்றால் மூன்று இடங்களில் மூன்று பதிவேடுகளைத் தேட வேண்டும். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்தவர் பலருக்குப் பதிவே இருக்காது. அவர்கள் பதிவு இல்லை என்னும் சான்றையும், மூத்த உறவினரின் பிரமாணப் பத்திரத்தையும், பள்ளிச் சான்றையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரிலும் குழப்பம் நேர்கிறது. தகப்பன் பெயரை ஓரெழுத்தாக முன்னே வைப்பது நம் வழக்கம். கடவுச் சீட்டிலோ குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஒரு பத்திரத்தில் முதலெழுத்து, இன்னொன்றில் தகப்பன் முழுப் பெயர், மூன்றாவதில் ஊர்ப் பெயர் என்றிருந்தால், இம்மூவரும் ஒருவரே என்று அந்நிய அதிகாரிக்கு எப்படித் தெரியும்? மீனாட்சி என்ற பெயரையே ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுதியிருப்பதைக் காண்கிறோம். மூதாட்டியை நேர்காணலுக்கு அழைத்த பிறகு இதைத் திருத்த முற்படுவது பெரும் அலைச்சலாகும்.

கடைசியாக, ஆனால் எல்லாவற்றிலும் முக்கியமாக, அழைக்கப்படுகிறவரின் விருப்பம் ஒன்று இருக்கிறது. கிரீன் கார்டு என்பது அங்கே வாழ்வதற்கு, வந்து போவதற்கன்று. முன்னதாகத் தனி அநுமதி பெறாமல் ஓராண்டுக்கு மேல் வெளியே தங்கினால் அது கைவிட்டுப் போகலாம். 65 வயதைக் கடந்து செல்லும் பெற்றோர், அந்நாட்டு அரசாங்க மருத்துவக் காப்பில் பணம் கட்டிச் சேர்வதற்கும் ஐந்தாண்டு அங்கே தொடர்ந்து வசித்திருக்க வேண்டும். கோயிலும் கறிகாய்க் கடையும் நடக்கும் தூரத்தில் இருக்கும் வீட்டை விட்டு, பகல் முழுவதும் பூட்டிய வீட்டில் தனித்திருக்க எல்லா முதியோருக்கும் மனம் ஒப்பாது. சிலருக்குப் பேரக் குழந்தையின் அருகில் இருப்பதே பேரின்பம். அவர்கள் தாராளமாகச் செல்லட்டும். சிலருக்கு ஆறு மாதம் பார்த்துவிட்டு வரும் விருந்தினர் விசாவே போதும். இதைத் தீர்மானிக்க வேண்டியவர் அந்தத் தாயும் தந்தையுமே. மகனுடைய கடமை உணர்ச்சியும், ஊரார் என்ன சொல்வார்களோ என்ற கூச்சமும் அவர்களுக்காகத் தீர்மானம் செய்துவிடக் கூடாது.

எனவே பிள்ளை அழைக்கும்பொழுது வீட்டில் அனைவரும் ஒருமுறை கூடி உட்காருங்கள். எந்த வகையில் மனு, எத்தனை ஆண்டு வரிசை, பிள்ளைகளுக்கு அப்பொழுது வயதென்ன, வைத்தியச் செலவு யாருடையது என்பவற்றைக் கூச்சமின்றிக் கேளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுகின்றமையால் அந்தந்த நாட்டு அரசாங்கத்தின் அறிவிப்பையே நம்புங்கள். தரகர் சொல்லை நம்பாதீர்கள். அமெரிக்க வரிசையின் நிலவரத்தை அவர்களுடைய வெளிநாட்டுத் துறை மாதந்தோறும் வெளியிட்டு வருகிறது. அதற்கு முன்பாக ஒரு வேலையை இன்று மாலையே செய்துவிடலாம். பெட்டியிலுள்ள பத்திரங்களை வெளியே எடுத்து, எல்லாவற்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள்.