வாய் திறக்காத வேங்கடம்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'எனக்குப் பிடித்த கலைஞர்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். நான் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினீயர். கலையைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று கேட்டால், டிக்கெட் வாங்கிப் படம் பார்த்த தகுதிதான். நடிகர் பிரகாஷ்ராஜைப் பற்றிப் பேசுகிறேன்.

தம்பிகளுக்கு அவர் கில்லி முத்துப்பாண்டி. 2004-ல் வந்த படம். 2024-ல் மறுபடியும் தியேட்டருக்கு வந்தபோது, அவர் 'செல்லம்' என்று கொஞ்சுகிற இடத்துக்கு நீங்கள் அடித்த விசில் எனக்கும் கேட்டது. நானும் அடித்தேன், அது வேறு விஷயம்.

1965-ல் பெங்களூரில் பிறந்தவர். சொந்தப் பெயர் பிரகாஷ் ராய். கன்னட மேடை நாடகம், தெரு நாடகம், தூர்தர்ஷன் தொடர், சின்னச் சின்ன சினிமா வேடம் என்று பல வருஷம் அலைந்தவர். நடிகை கீதா அவருடைய நடிப்பைப் பார்த்துவிட்டு கே. பாலசந்தரிடம் சொல்ல, 1994-ல் 'டூயட்' வந்தது. ராய், ராஜ் ஆனது அப்போதுதான். மறு வருஷமே 'ஆசை'யில் மனைவியின் தங்கை மேல் கண் வைக்கிற ராணுவ மேஜராக வந்து எல்லோரையும் பயமுறுத்தினார். 1997-ல் 'இருவர்'. அது நம்ம ஊருக்கும் கொஞ்சம் சொந்தமான படம். அண்ணாவை ஞாபகப்படுத்தும் பாத்திரத்தில் நாசர். அவருடைய தம்பிமார்களாக மோகன்லாலும் பிரகாஷ்ராஜும். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது அந்தப் படத்துக்காக இவருக்குக் கிடைத்தது. தமிழ் தாய்மொழி இல்லாத மனிதர். ஆனால் பக்கத்து அறையில் டி.வி. ஓடினால்கூட, குரலை வைத்தே பிரகாஷ்ராஜ் என்று சொல்லிவிடுவோம். அவருடைய முதல் ஆயுதமே அந்தக் குரல்தான்.

அந்தக் குரலைப் பூட்டி வைத்த படம் 'காஞ்சிவரம்'. பிரியதர்ஷன் இயக்கியது. 2008-ல் டொரண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள், 2009 மார்ச்சில் இங்கே தியேட்டருக்கு வந்தது. அதே 2009 செப்டம்பரில் சிறந்த படம், சிறந்த நடிகர் இரண்டு தேசிய விருதுகளும் அதற்குத்தான் என்று அறிவித்தார்கள். 'மறுபக்கம்' படத்துக்குப் பிறகு தங்கத் தாமரை வாங்கிய இரண்டாவது தமிழ்ப் படம். சிறந்த நடிகர் விருது நடிகர் திலகத்துக்கே கிடைக்காத ஒன்று. (அந்த வருத்தம் என் மாமாவுக்கு இன்னும் தீரவில்லை.)

கதை சுதந்திரத்துக்கு முந்தைய காஞ்சிபுரம். வேங்கடம் என்ற நெசவாளி, மகளைப் பட்டுச் சேலையில்தான் கட்டிக்கொடுப்பேன் என்று சபதம் போடுகிறான். வாழ்நாள் முழுக்கப் பட்டு நெய்கிறவன் வீட்டில் ஒரு பட்டுச் சேலை கிடையாது. நூலோ முதலாளியுடையது. நம்ம ஊரில் பட்டை எடை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேலையையும் எடை போட்டுத்தான் வாங்குவார்கள். அதனால் வேங்கடம் தினமும் கொஞ்சம் நூலை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே வருகிறான். ராத்திரி ராத்திரியாக ஒளித்து வைத்த தறியில் நெய்கிறான்.

வாசலில் சோதனை போடுகிற இடத்தை மட்டும் கவனியுங்கள். வாயைத் திறக்க முடியாது. முழுங்கவும் முடியாது. தாடை, கழுத்து நரம்பு, கண் இவ்வளவுதான் அந்த நடிகருக்கு மிச்சம். முத்துப்பாண்டி கத்திய கத்தலைவிட எனக்கு இதுதான் பெரியது. சில மாதத்துக்கு முன்னால், 2008 டிசம்பரில், 'அபியும் நானும்' படத்தில் மகளைப் பிரிய முடியாமல் புலம்பித் தீர்த்த வசதியான அப்பாவும் இதே ஆள்தான். பேசித் தீர்க்க வாய்ப்பிருந்த அப்பா ஒருவர், வாயே திறக்க முடியாத அப்பா ஒருவர். முடிவைச் சொல்ல மாட்டேன். பாதியில் நின்ற அந்தச் சேலை கடைசியில் எதற்குப் பயன்படுகிறது என்று நீங்களே பாருங்கள்.

இனிமேல் சொல்லப்போவது சினிமா இல்லை.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையம். வீட்டுக்குள்ளேயே குழித்தறி. அப்பா நெய்வார், அம்மா தார் சுற்றுவார். இந்தக் கல்லூரியில் சேரும்போது விண்ணப்பத்தில் 'தந்தையின் தொழில்' என்ற இடத்தில் நான் எழுதியது 'பட்டு வியாபாரம்'. யாரும் எழுதச் சொல்லவில்லை. நானாக எழுதினேன். அப்புறம் நண்பர்களிடமும் அதையே சொல்லும்படி ஆயிற்று. நாலு வருஷத்தில் ஒருத்தனைக்கூட வீட்டுக்குக் கூப்பிட்டதில்லை.

2009-ல் கிளாஸைக் கட் அடித்துவிட்டு நாலு பேர் இந்தப் படத்துக்குப் போனோம். தியேட்டரில் பாதி சீட் காலி. படம் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு நண்பன் சாதாரணமாகக் கேட்டான்: "டேய், உங்க கடைக்கு நெய்யறவங்க இப்படிப் பட்டு எடுத்தா நீங்க எப்படிடா கண்டுபிடிப்பீங்க?"

நான் பதில் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே இல்லை.

கொஞ்ச நாள் கழித்து டி.வி.யில் படம் போட்டபோது அப்பாவை உட்காரவைத்தேன். முதலில் குற்றம்தான் கண்டுபிடித்தார். "கோர்வைச் சேலைன்னா பக்கத்துல ஒரு ஆளு வேணும்டா. ராத்திரியில தனியா எப்படி நெய்வான்?" என்றார். நூலை வாயில் அடக்கிக்கொண்டு வேங்கடம் நடக்கிற இடம் வந்ததும் பேச்சு நின்றது. ரொம்ப நேரம் கழித்து, "அந்த ஆளு தறியில உக்காந்தது நடிப்பு. நடந்து போனது நடிப்பு இல்ல" என்றார். எழுந்து போய் விளக்கைப் போட்டார்.

இப்போது அப்பாவுக்கு முழங்கால் வலி. தறியில் இறங்குவதில்லை.

அன்று படத்துக்கு வந்த மூன்று பேரும் இதோ மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறார்கள். டேய், எங்க அப்பாவுக்குக் கடை எதுவும் கிடையாதுடா. தறிதான். சாயந்திரம் வீட்டுக்கு வாங்க, அம்மா காபி போடறேன்னு சொல்லியிருக்காங்க.