ஆட்சி என்னும் சொல்



ஆட்சி என்றதும் நமக்குக் கொழும்பும் தேர்தலும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் யாழ்ப்பாணத்துக் கிழவர் ஒருவரிடம், "அந்த நாலு பரப்பும் ஆற்றை ஆட்சி?" என்று கேட்டுப் பாருங்கள். வேலியைக் காட்டி விடை சொல்வார். அரசனுக்கு நாட்டின்மேல் உள்ளதற்கும் கமக்காரனுக்குத் துண்டுக் காணியின்மேல் உள்ளதற்கும் நம் மொழியில் ஒரே சொல்தான்.

ஆள் பகுதி, சி விகுதி. காண் என்பது காட்சியானது போல ஆள் என்பது ஆட்சியாயிற்று. ஆளுதல் என்றால் வைத்திருத்தல் மாத்திரமன்று, கையாளுதல், பயன்கொள்ளுதல். புலவன் சொல்லை வழங்கும் திறத்தைச் சொல்லாட்சி என்பதும் இதனாலேதான். சூரியன் சிம்மத்தில் நின்றால், அது சொந்த வீடாகையால், சோதிடரும் ஆட்சி என்பார். ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமையிலே முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு உண்டு. அவை சொத்து வந்த வழியைச் சொல்வன. வந்த காணியை யார் கொத்துகிறார், யார் இறைக்கிறார் என்பதைச் சொல்வது ஆட்சி.

பெரியபுராணத்திலே தடுத்தாட்கொண்ட புராணம் நேயர்கள் அறிந்ததே. சுந்தரர் தமக்கு வழிவழி அடிமை என்று கிழவேதியர் ஒருவர் ஓலையோடு வந்து வழக்கிடுகிறார். சுந்தரர் ஓலையைப் பறித்துக் கிழித்துவிடுகிறார். திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூன்றில் ஒன்றைக் காட்டும்படி முதியவரைக் கேட்கின்றனர்: ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி. அனுபவம், எழுத்து, சாட்சி என்று இன்று சொல்லலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சேக்கிழார் நீதிமன்ற நடைமுறையை நன்கறிந்தவர் என்பதற்கு இந்த இடம் ஒன்றே போதும். சோழ அரசில் அமைச்சராய் இருந்தவரல்லவா! முதியவர் ஆவணத்தைத் தேர்ந்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்றார்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வாங்கில் இருந்த மாணவன் எழுந்தான்.

"சேர், உறுதி எரிஞ்சுபோச்சு. ஆட்சியும் மற்ற ஆக்களின்ரை கையிலை. அயலட்டை முழுக்க வெளிநாடு. மூண்டிலை எங்களுக்கு எது மிச்சம்?"

வகுப்பு அமைதியாயிற்று. அவன் குடும்பம் 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வன்னிக்குப் போய் 2010இல் திரும்பியது. வளவிலே வேறொரு குடும்பம் குடியிருந்தது. அவர்களும் வீடிழந்து வந்தவர்கள்தாம். நான் பெயருக்கு ஏதோ சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். விடை தெரியாமற் போனது வெட்கமாயிருந்தது.

பிறகு நொத்தாரிசு நண்பர் ஒருவர் விளக்கினார். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, உரியவனின் உரிமையை ஏற்காமல், இடையூறின்றிப் பத்தாண்டு ஆண்டவர் காணிக்கு உரித்துக் கோரலாம். நம்மூரில் ஆட்சி உறுதி என்று முடிப்பதற்கு அடிப்படை இதுவே. ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், ஆயுதக் குழுக்களின் செயலால் தம் காணி உரிமையை நாட முடியாமற் போனவர்களுக்கு, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிற் சேர்க்கலாகாது என்றது. ஆளமுடியாதிருந்தவனை ஆளாமல் விட்டவனாகக் கருதக்கூடாது என்ற வேறுபாட்டைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. ஆளாமை, ஆளமாட்டாமை என்று இரண்டையும் தமிழ் எப்போதோ பிரித்து வைத்திருக்கிறது.

நண்பர் இன்னொன்றும் சொன்னார். உறுதி முடிக்கும்போது ஒரு பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகும். மாணவனின் தாயார் அங்கே தேடுவித்தார். பிரதி கிடைத்தது. திருவெண்ணெய்நல்லூரிலே படி கிழிந்து மூலம் நின்றது; இங்கே மூலம் எரிந்து படி நின்றது.

இதை மாணவன் வகுப்பிலே எல்லோருக்கும் சொன்னான். "அப்ப அந்த ஆக்கள்?" என்று கேட்டேன். "தங்கடை காணி கிடைக்கிற மட்டும் இருக்கட்டாம், அம்மம்மா சொல்லிப்போட்டா. கிணறு பொது" என்றான்.