பெயர் போட்ட கிடாரும் பெயர் போடாத வீணையும்

(முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னிடம், "சார், நீங்க பௌதிகம் பத்தி மட்டும் பேசிடாதீங்க. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி உங்க டைம். கிடாரைப் பத்திப் பேசுங்க" என்றார். நம் விடுதியில் என்னோடு இருந்தவர்களுக்குத் தெரியும். வார நாட்களில் வகுப்பு, சனி ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழு. அதில் நான் பேஸ் கிடார். மேடையில் பாடகருக்குக் கைதட்டல் கிடைக்கும், வயலின்காரருக்குக் கிடைக்கும், டிரம்ஸ்காரருக்கு விசிலே கிடைக்கும். பேஸ் கிடார்காரனிடம் மட்டும் வந்து, "தம்பி, நீங்க என்ன வாசிச்சீங்க?" என்று கேட்பார்கள். நாலே தந்தி. அதில் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிரும். காதுக்கு எட்டுமுன் நெஞ்சுக்கு எட்டும் ஓசை அது. தமிழ்நாட்டில் அந்த ஓசையைத் தனியாகக் கவனித்துக் கேட்க நம் தலைமுறைக்குக் கற்றுக்கொடுத்தவர் இளையராஜா. அவர் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டுத்தான் நான் வாசிக்கப் பழகினேன்.

நான் ஓய்வு பெற்ற பிறகு, 2012-இல், அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு பேஸ் கிடார் வாங்கி வந்தான். "அப்பா, இது சாதாரண கிடார் இல்லை. சிக்னேச்சர் மாடல்" என்றான். எனக்குத் தெரிந்த 'லிமிடெட்' எல்லாம் ஓட்டலில் போடும் லிமிடெட் மீல்ஸ்தான். அதில் குறைவாகக் கொடுத்தால் விலை குறையும். கிடாரில் குறைவாகச் செய்தால் விலை ஏறும். இந்தப் பொருளாதாரம் எனக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆயிற்று.

சிக்னேச்சர் மாடல் என்றால் என்ன? புகழ்பெற்ற ஒரு கலைஞர் வாசித்த கருவியின் மரம், கழுத்தின் பருமன், காந்தச் சுருள் எல்லாவற்றையும் பின்பற்றிச் செய்து, அவர் பெயரிலேயே விற்பது. அதிலும் சிலவற்றை எண்ணிக்கை வைத்துச் செய்து சான்றிதழும் கொடுப்பார்கள். என் மகன் கொண்டுவந்தது ஜேகோ பாஸ்டோரியஸ் என்பவர் பெயரால் ஆனது.

ஜேகோவின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பேஸ் கிடாரை 1951-இல் கலிபோர்னியாவில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கிடார் வாசிக்கத் தெரியாதவர். நம்மில் கிரிக்கெட் ஆடத் தெரியாத பி.டி. மாஸ்டர்கள் நல்ல டீம் உருவாக்கவில்லையா, அது மாதிரி! அவருடைய நிறுவனத்தின் 1962-ஆம் ஆண்டுக் கிடார் ஒன்று ஜேகோவின் கைக்கு வந்தது. அதன் கழுத்தில் இருந்த மெட்டுக் கம்பிகள் எடுக்கப்பட்டு, பள்ளங்கள் அடைக்கப்பட்டு, மேலே படகுக்குப் பூசும் எப்பாக்ஸி பூசப்பட்டிருந்தது. மெட்டு இல்லாததால் சுரத்துக்குச் சுரம் வழுக்கிச் செல்லலாம். 1976-இல் அவருடைய முதல் இசைத்தட்டு வந்தபோது உலகம் முழுக்க பேஸ் கிடார்காரர்கள் வாயைப் பிளந்தார்கள். 1986-இல் அந்தக் கிடார் நியூயார்க்கில் திருட்டுப் போயிற்று. மறு ஆண்டே, 35 வயதில், ஜேகோவும் இறந்துபோனார். 1999-இல் ஃபெண்டர் நிறுவனம் அவர் பெயரில் மாடல்களை வெளியிட்டது. அவற்றில் ஒரு வகையில், பழைய கிடாரில் எங்கெங்கே வர்ணம் உரிந்திருந்ததோ, புதுக் கிடாரிலும் அங்கங்கே கைவேலையாக உரித்துத் தருகிறார்கள். ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் உழைத்துத் தேய்த்த தேய்மானத்தைத் தொழிற்சாலையில் நகல் எடுக்கிறார்கள்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கிடாரை மடியில் வைத்த முதல் நாள் என் கை நடுங்கியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி என் வீட்டுக் கதை. சைதாப்பேட்டையில் ஆற்றங்கரைப் பக்கம் தரைத்தளத்தில்தான் எங்கள் வீடு. வீட்டில் இன்னொரு கருவியும் இருந்தது, என் மாமியாரின் தஞ்சாவூர் வீணை. என் மனைவிக்குச் சீராக வந்தது. அது ஏகாந்த வீணை. அதாவது குடமும் தண்டியும் ஒரே பலா மரத்தில் குடைந்தவை. குடத்தை மூடும் மேல் பலகை மட்டும் தனி. தனித்தனியாகச் செய்து சேர்ப்பது ஒட்டு வீணை. நல்ல முற்றிய பலாவுக்குப் பண்ருட்டிப் பக்கம் பேர்போனது. நான்கு வாசிப்புத் தந்தி, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று தந்தி, மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகள், கோடியில் ஒரு யாளி முகம். இந்த 24 மெட்டு அமைப்பு தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், நிலைபெற்றது என்பார்கள். 2013-இல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி இரவை இந்த ஊர்க்காரர்கள் யாரும் மறக்க மாட்டோம். கரண்ட் இல்லை. அடையாறு தெருவுக்குள் வந்துவிட்டது. மனைவி எங்கள் பேத்தியைத் தூக்கிக்கொண்டு மாடி வீட்டுக்குப் போய்விட்டாள். நான் முதல் நடையில் சர்டிபிகேட்டுகளும் பத்திரங்களும் கொண்டுபோனேன். இரண்டாம் நடையில் கிடாரைக் கொண்டுபோனேன். மூன்றாம் நடைக்கு இறங்கியபோது தண்ணீர் இடுப்பளவு. மாடியில் இருந்தவர்கள் என்னைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். வீணை கட்டிலுக்கு அடியில் பெட்டியில் இருந்தது.

நண்பர்களே, அன்று ராத்திரி என் மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொட்டை மாடியில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் என் பக்கத்தில் இருந்த கிடார் பெட்டியைப் பார்த்தாள், அவ்வளவுதான். நான்கைந்து நாள் கழித்து, சேறு வாரும்போது, "அதுல பேரு போட்டிருந்துச்சு, எடுத்தீங்க. இதுல போடலை" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

தஞ்சாவூரில் வீணை செய்யும் ஓர் ஆசாரியாரைத் தேடிப்பிடித்துப் போனில் பேசினேன். "ஐயா, வெயில்ல மட்டும் வச்சுடாதீங்க. நிழல்ல, காத்தோட்டமா வையுங்க. ஒரு கோடை போகட்டும், அப்புறம் எடுத்துட்டு வாங்க" என்றார். அதேபோல் 2016-இல் கொண்டுபோனோம். மெழுகெல்லாம் பெயர்ந்து மெட்டுகள் ஒரு பையில் இருந்தன. சுரைக்காய் உருக்குலைந்துவிட்டது. யாளி தனியாக வந்துவிட்டது. மேல் பலகையும் விட்டுப்போயிருந்தது. ஆசாரியார் குடத்தைத் தட்டிப் பார்த்தார். "ஒட்டு வீணையா இருந்தா கழுத்தே கழண்டிருக்கும். இது ஒரே மரம், அதான் நிக்குது" என்றார்.

பிறகு அவர் பலகையை முழுக்க எடுத்துவிட்டுக் குடத்தின் உள்ளே கையை விட்டுத் தடவினார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. "இது எங்க பெரியப்பா கை" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். என் கையைப் பிடித்து உள்ளே வைத்தார். "பாருங்க, உளி வெட்டு இந்தப் பக்கமாச் சாயுது. அவருக்கு இடது கை. எங்க பட்டறையில வேற யாருக்கும் அப்படி இல்ல." என் மாமியார் ஆயுள் முழுக்க வாசித்த வீணை. யார் செய்தது என்று அவருக்கே தெரியாது. வெள்ளம் வந்து பலகையைப் பிரித்த பிறகுதான் உள்ளே கையெழுத்து இருப்பது தெரிந்தது.

மேளம் கட்டிய நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்றுதான் பௌதிக வாத்தியார் பாடம் படித்தான். தந்தியின் நீளத்தைப் பாதியாக்கினால் மேல் ஸ்தாயி. நடுவில் பன்னிரண்டு படி. கிடாரில் இந்தக் கணக்கு சுலபம். தந்தி நீளத்தை 17.8-ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம். மீதி நீளத்தை மறுபடி 17.8-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டு. 34 அங்குல பேஸ் கிடாருக்கு, அதாவது சுமார் 86 சென்டிமீட்டருக்கு, முதல் மெட்டு 4.8 சென்டிமீட்டரில் வரும். நான் வீணைக்கும் இப்படியே கணக்குப் போட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். ஆசாரியார் மெழுகை இளக்கி, ஒவ்வொரு மெட்டாக வைத்து, தந்தியை அழுத்தி மீட்டி, காதால் கேட்டு, நகத்தளவு நகர்த்தி நகர்த்தி வைத்தார். முடித்ததும் அளந்து பார்த்தேன். என் கணக்குக்கு ஒத்துவரவில்லை. தாளைக் காட்டினேன். அவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு, "சரியாத்தான் இருக்கும் ஐயா. ஆனா தந்தியை விரல் அழுத்துதே, அதை எழுதலியே" என்றார்.

அதுதான் விஷயம். வீணையில் மெட்டு உயரம். தந்தியை அழுத்தும்போது அது இழுபட்டு விறைப்புக் கூடுகிறது. சுரம் கொஞ்சம் ஏறிவிடுகிறது. அந்த ஏற்றத்துக்கு ஈடாக மெட்டை நகர்த்த வேண்டும். தந்தியின் தடிமனுக்கு ஏற்ப அந்த ஈடும் மாறும். கிடாரிலும் பாலத்தில் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு திருகு வைத்து இதையேதான் சரிசெய்கிறார்கள். விறைப்புக்கும் அதிர்வெண்ணுக்கும் உள்ள தொடர்பை நான் முப்பது வருஷம் போர்டில் எழுதியிருக்கிறேன். அழுத்தும் விரலை மறந்துவிட்டேன்.

வீணையின் இந்த இழுப்புத்தான் கிடார் உலகத்தையும் ஒருமுறை மாற்றியது என்பதை இளைஞர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். ஆங்கிலேயக் கிடார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் அமெரிக்காவில் நம் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். 1970-களில் 'சக்தி' குழுவுக்காக கிப்சன் நிறுவனத்தில் ஏப் வெக்டர் என்ற கைவினைஞர் அவருக்கு ஒரு கிடார் செய்து கொடுத்தார். மெட்டுக்கும் மெட்டுக்கும் நடுவே மரத்தைக் குழிவாகச் சீவியிருந்தார்கள், தந்தியை வீணைபோல இழுத்துக் கமகம் காட்டுவதற்காக. அதோடு, ஒத்து ஒலிக்கக் குறுக்கே ஏழு தந்திகள். அந்தக் கிடாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடம் வாசித்தவர் நம் விக்கு விநாயகராம். அதை வாசித்தவர் பெயர் எல்லோருக்கும் தெரியும். செய்தவர் பெயரைத் தேடினால்தான் கிடைக்கும்.

நம் ஊரிலேயே பாருங்கள். மர்மலாங் பாலத்தை 1726-இல் தன் சொந்தப் பணத்தில் கட்டினார் ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான். அந்தப் பாலம் போய் மறைமலையடிகள் பாலம் வந்துவிட்டது. ஆனாலும் அவர் வைத்த கல்வெட்டு இருக்கிறது. கல்லைத் தூக்கிய கொத்தனார்கள் பெயர் அதில் இல்லை. உஸ்கான் செய்தது பெரிய தர்மம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தினம் அந்த வழியாகப் போகும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்தக் கொத்தனார்கள் ஞாபகம் வருகிறது.

ஆசாரியாரிடம் விடைபெறும்போது, "உங்க பையன் இந்த வேலைக்கு வருவாரா?" என்று கேட்டேன். "திருப்பூர்ல இருக்கான். மாசம் பொறந்தா சம்பளம். நான் குறை சொல்லமாட்டேன்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் ஸ்கூல் விட்டா வந்து உக்காந்துக்கிறான். வேணாம்னாலும் போக மாட்டேங்கிறான்" என்றார். சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். நாம் எல்லோரும் கடைசி பெஞ்சில் அப்படி ஒரு பையனைக் கண்டுபிடித்தபோது சிரித்த சிரிப்புத்தான் அது.

நான் கிளம்புமுன் ஒரு காரியம் செய்தேன். பலகையை ஒட்டுவதற்கு முன்னால், பெரியப்பா பெயரை உள்ளே எழுதச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "அவர் எழுதலியே ஐயா, நாம எதுக்கு?" என்றார். கடைசியில் என் மனைவிதான், "நீங்க உங்க பேரையாவது எழுதுங்க. அடுத்த வெள்ளத்துல யாராவது பிரிச்சா தெரியணும்ல" என்றாள். சிரித்துக்கொண்டே பென்சிலால் எழுதினார். தேதியும் போட்டார். பிறகு பலகையை ஒட்டிவிட்டார். அந்தப் பெயர் இப்போது வீணைக்குள் இருக்கிறது.

இன்று வீட்டில் இரண்டும் பரண் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. சாயங்காலம் மனைவி வீணையை எடுத்தால் நான் கிடாரில் சுருதி பிடிக்கிறேன். மெட்டு இல்லாத கிடார் அல்லவா, சமயத்தில் தவறுவேன். அவள் கண்ணால் ஒரு பார்வை பார்ப்பாள், திருத்திக்கொள்வேன்.

பயிற்சி பெறும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒலி பாடம் நடத்தும்போது சோனாமீட்டரோடு நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரில் ஒரு தவில் கட்டுகிறவரோ, நாயனம் கடைகிறவரோ, வீணைக்கு மேளம் கட்டுகிறவரோ இருப்பார். அவரை வகுப்புக்கு அழைத்து வாருங்கள். கரும்பலகையில் அவர் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதுங்கள். மணி அடித்ததும் அழித்துவிடலாம், பரவாயில்லை. அந்த நாற்பது நிமிஷம் இருந்தால் போதும்.

சாப்பாட்டு மணி அடித்துவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகிறார். இன்று அன்லிமிடெட் மீல்ஸ் என்று கேள்வி.